பேரும் ஊரும்

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனியொன்றின் பேக்கிங் கொட்டகையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் வெள்ளைத் தூசு மிதக்கிறது. மூலையில் கம்ப்யூட்டர் மேசையருகே, பில் போடும் மதிவதனியின் டிபன்பாக்ஸ் திறக்கப்படாமல் இருக்கிறது. திரையில் படிந்த தூசை விரலால் துடைத்துத் துடைத்து தன் பெயரைத் தேடுகிறாள். திரையில் இருப்பது, புரோகிராம் எழுதுகிறவர்கள் இலவசமாகப் பயன்படுத்தும் எடிட்டர் மென்பொருள். அதில் தமிழ் ‘னி’யை அழித்தால் ‘ன’ மிஞ்சி நிற்கும். ஒரே தட்டில் முழு எழுத்தும் போகிற மாதிரி, நாலு வாரம் உட்கார்ந்து, அதோடு சேர்க்க ஒரு செருகுநிரல் எழுதி அனுப்பினாள். எடிட்டரை நடத்துகிறவர்கள் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். இன்று வந்த புதிய பதிப்பில் அவள் எழுதிய அதே வரிகள் இருக்கின்றன. சோதித்துப் பார்க்க அவள் போட்ட அப்பா பெயர் ‘கொளஞ்சியப்பன்’கூட இருக்கிறது. எழுதியவர் என்ற இடத்தில் மட்டும் வேறொருவன். புரோகிராமர் வேலைக்கான பெங்களூர் இண்டர்வியூவில் காட்ட அவளிடம் இருந்தது இது ஒன்றுதான்.

“கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டுடி. தொண்ணூறு நாள்ல கேட்டுடுவாரு,” என்கிறாள், கோப்பைகளுக்கு வைக்கோல் சுற்றும் ஆதிலட்சுமி.

“பிராதுல அவன் பேரு ஊரு எழுதணுமேக்கா. இவன் நரி நாப்பத்தேழுன்னு புனைபேருதான் போட்டிருக்கான்.”

“நரிக்கு ஏதுடி ஊரு?” ஆதிலட்சுமி சிரிக்கிறாள்.

மதிவதனி புதிய பதிப்பைத் திறந்து தன் பெயரை அடிக்கிறாள். பிறகு அழிக்கிறாள். ‘னி’ முழுதாகப் போகிறது. அவள் எழுதியபடியே வேலை செய்கிறது. ஐந்தே தட்டு, ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை.