அசையாத ஆள்

பக்கவாதத்தில் படுத்திருந்த அருளப்பனின் அறையில் புது ஏசி அடிக்கடி நின்றது. வெளியே நாற்பத்தேழு டிகிரி வெயில். மனைவி சகாயமேரி மெக்கானிக்குக்கு போன் செய்தாள்.

"கரண்ட் மிச்சமாகணும்ல, அசையற ஆளுக்கு மட்டும்தான் ஓடும்க்கா. அத மாத்த முடியாது."

அவள் கணவரின் மணிக்கட்டில் நைலான் கயிறு கட்டி, மறுமுனையைச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். சமைத்துக்கொண்டே இழுத்தாள். கை எழும்பியது, ஏசி ஓடியது.

பத்தாம் நாள் இழுத்தபோது கை எழும்பியது, ஏசி ஓடவில்லை. கயிறு இழுப்பதை அது கண்டுகொண்டுவிட்டது. பதறி ஓடி வந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் குளிர்காற்று வந்தது. வியர்வையில் நனைந்த அருளப்பன் அவளையே பார்த்தார்.

"எங்கயும் போகலைங்க."

அடுப்பை அணைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள். மதியம் அவளுக்குக் கண் சொருகியது. ஏசி நின்றது.