அயல்வீட்டு விசாரணை

யோகராணியின் மகள் தர்சினிக்கு வலிப்பு என்று கதைகட்டி, முற்றாகியிருந்த சம்பந்தத்தைக் குழப்பியவள் பக்கத்து வீட்டு அருந்ததி. யோகராணி அதை மறப்பாளா? இப்போது அருந்ததியின் மகன் லக்ஷனுக்குப் பெண் பேசுகிறார்கள். குடும்பம் எப்படியென்று விசாரிக்க, பெண்ணின் தாய் மங்களேஸ்வரி யோகராணியை யாழ்ப்பாணத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றுக்கே கூப்பிட்டு, விரும்பியதைச் சாப்பிடச் சொல்லியிருந்தாள்.

யோகராணி அவசரப்படவில்லை. பழிவாங்குவதையும் வெறும் வயிற்றோடா செய்வது? முட்டை அப்பம், நண்டுக் கறி, இறால் பொரியல் என்று ஒரு சுற்று முடித்து, கடைசி இனிப்பான வட்டிலப்பத்துக்கு வந்திருந்தாள்.

மங்களேஸ்வரியோ மூன்றாம் தரமும் அப்பத்தைத் திருப்பி அனுப்பினாள்.

"இதை அப்பமெண்டு ஆர் சொன்னது? சுட்டவனை இஞ்சை வரச் சொல்லு!"

தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி சமையல்காரர் வந்து நின்று, கால்மணி நேரம் ஏச்சு வாங்கிக்கொண்டு போனார்.

"இனிச் சொல்லுங்கோ அக்கா, அருந்ததி எப்பிடிப்பட்ட மனுசி?"

நாக்கின் நுனிவரை வந்ததை யோகராணி விழுங்கிக்கொண்டாள்.

"அதுக்கு முன்னம் ஒண்டு கேக்கிறன். கலியாணம் முடிய உங்கடை மகள் எங்கை இருப்பா?"

"சீதன வீடு கட்டி முடியும்மட்டும் அருந்ததி வீட்டிலைதான். ஒரே பிள்ளை, விட்டிட்டு இருக்கமாட்டன். நானும் அங்கைதான் வந்து இருக்கப்போறன்."

"வீட்டு வேலை எவ்வளவிலை நிக்குது?"

"இன்னும் அத்திவாரமே வெட்டேல்லை."

யோகராணியின் முகம் மலர்ந்தது.

"அருந்ததி தங்கமான மனுசி, பிள்ளை. யோசிக்காமல் இந்த ஆவணியிலேயே நாள் வையுங்கோ."