கரும்பலகையில் வைஜெயந்தி

"புத்தகத்துல ரயிலை வச்சு விளக்குறான் வைஜூ. ரயிலையே பார்க்காத தீவுப் பிள்ளைங்களுக்கு அது எப்படி ஏறும்? நம்ம வீட்டை வச்சுச் சொன்னா டக்குனு புரியுது" என்று கல்யாணமான புதிதில், கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் சுதாகர் சொன்னான். "வீட்டை வச்சா, என்னை வச்சா?" என்று அவளும் அன்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

இன்று வைஜெயந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்தவள், கல்லூரி வகுப்பறை வாசலில் நிற்கிறாள். தகரக் கூரையில் மழை இரைகிறது. கரும்பலகையில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பல். கப்பல்துறையில் கரண்டியும் கையுமாக, நீளப் பின்னலோடு ஒரு பெண். "ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கைவிடுறோமோ, அதுதான் வாய்ப்புச் செலவு. என் மனைவி ஹேவ்லாக் ரிசார்ட் வேலையை விட்டாள், என்னை அடைஞ்சாள். லாபமா, நஷ்டமா?" வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. "அரே சார், மேடமுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்காதா?" என்கிறான் ஒருவன். "கிடைச்சா எனக்கு யாருடா சமைப்பா?" மறுபடியும் சிரிப்பு. வேலையை விடச் சொன்னது யார் என்பதை மட்டும் அவன் எந்த வகுப்பிலும் சொல்வதில்லை. முன்வரிசைப் பெண்ணொருத்தி, கரண்டியைக்கூட விடாமல் அந்தப் படத்தை நோட்டில் வரைந்துகொள்கிறாள். வைஜெயந்தியின் பிடியில் கண்ணாடிக்கூடு நெரிகிறது. விறுவிறுவென்று உள்ளே போய் அதை மேசையில் வைக்கிறாள். கரும்பலகைப் படத்தைக் கைநீட்டிக் காட்டுகிறாள்.

"அந்தப் பொம்பளையை அழிங்க. இனிமே என்னை யாருக்கும் உதாரணமாச் சொல்லாதீங்க."