நாற்பது போன், ஒரு டவர்

"படம் உறைஞ்சு நிக்குது ரீம்! வாயைப் பாதி திறந்தபடி நிக்கிறேன்!"

அமானிக்கு அழுகை முட்டியது. நாலு மணிக்கு துனிஸ் நகர நர்ஸ் பள்ளியின் நேர்முகத் தேர்வு, போனில் வீடியோவிலேயே. இன்னும் ஆறு நிமிடம். விட்டால் ஒரு வருடம் போச்சு.

சிறுமி ரீம் மலைச்சரிவில் கீழே குதித்தோடினாள். கமீஸ் மாமாவின் காபிக்கடையில் நாற்பது பேர், நாற்பது போன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும், ஆளுக்கொரு உள்ளங்கையில் அதே கால்பந்து ஃபைனல்!

"மாமா, ஊருக்கே ஒரு டவர். ஒரே குழாயில நாற்பது குடம் வச்சா அமானி அக்காவுக்குச் சொட்டாவது வருமா? பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க!"

"இவனுங்ககிட்டயா? ஃபைனல்லயா? என்னைக் காபியிலயே முக்கிருவானுங்க. போடி!"

கமீஸ் தன் போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

ரீம் சுவருக்குப் பின்னால் போய்த் தொண்டையைச் செருமினாள். கமீஸின் எண்ணைத் தட்டினாள். அவள் வாயிலிருந்து வந்ததோ, மூக்கால் பேசும் ஐம்பது வயது அதிகாரியின் குரல்!

"கம்பெனியிலிருந்து பேசுகிறோம். டவரில் அவசர வேலை. பத்து நிமிடம் எல்லா போனையும் அணைக்கவும். மீறினால் இணைப்பு ஒரு மாதத்துக்குத் துண்டிக்கப்படும்!"

"ஐயோ சார்! இதோ சார்!"

கமீஸ் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "அணைங்கடா! கம்பெனி ஆளு, மூக்கால பேசுற கண்டிப்பான மனுஷன்! அணைக்காதவனுக்கு இனிமே இங்க காபி கிடையாது!"

"பெனால்டி, மாமா! பெனால்டி!"

"பெனால்டியாவது பெண்டாட்டியாவது, அணைடா!"

நாற்பது திரையும் இருண்டன. மேலே, திரையில் அமானியின் வாய் அசைந்தது.

கால்மணி நேரத்தில் அவள் வீட்டு மாடியிலிருந்து குலவைச் சத்தம். "எடுத்துக்கிட்டாங்க! செப்டம்பர்ல வரச் சொல்லிட்டாங்க!"

கீழே போன்கள் உயிர்பெற்றன. அதற்குள் இரண்டு கோல் விழுந்திருந்தன. "அந்த மூக்கன் மட்டும் கையில கிடைச்சான்..." என்று நாற்பது பேரும் பல்லைக் கடித்தார்கள்.

ரீமுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நேராகக் கமீஸிடம் போனாள்.

"ஏன் மாமா, ஊர்ப் பொண்ணுக்காகக் கெஞ்சினா 'போடி'. எவனோ ஒரு அதிகாரி மிரட்டினா நாற்காலி மேல ஏறுவீங்களோ?"

கமீஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"குரலெல்லாம் பிரமாதம். ஆனா அந்த அதிகாரி கூப்பிட்டப்போ என் போன்ல 'வாலு ரீம்'னுதானே பேர் வந்துச்சு!"