நாட்டின் ஒரே மாதிரி வீடு

வடுகநாதன் சாம்பாரைத் தீயவிட்டார். விடிந்ததும் நாடெங்கும் பருப்பு விலை ஏறிவிட்டது.

புள்ளியியல் துறை ஒருகாலத்தில் வெயிலிலும் நாய்க்கடியிலும் வீடு வீடாகப் படியேறிக் கணக்கெடுத்ததாம். இப்போது அதற்கு ஒரே ஒரு வீடு போதும். சேலத்தில் இருக்கும் வடுகநாதனின் வீடு. அங்கே நடப்பதுதான் நாட்டு நிலவரம். பல் விளக்காமல் காபி குடிக்கக்கூட மனிதருக்குக் கூச்சம்.

காலையிலேயே துறையிலிருந்து மெர்லின் வந்துவிட்டார்.

"என்னாலதான் பருப்பு வெலை ஏறிடுச்சாம்மா?"

"உங்களால ஒண்ணும் இல்ல சார். நாடு என்ன செய்யுதோ, அதைத்தான் உங்க வீடும் செய்யும். மேல வந்து பாருங்க."

மாடிக்குப் போனார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒவ்வொரு மொட்டைமாடியிலும் யாரோ ஒருவர் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கரகரவென்ற அந்தச் சத்தம் ஏற்காட்டு மலைவரை போய்த் திரும்பியது. வடுகநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. கும்பிடக் கை உயர்ந்தது. போயும் போயும் கரிப்பாத்திரத்தையா என்று இறக்கிக்கொண்டார்.

"இவ்வளவு தெரிஞ்சவங்க நீங்க," என்றார் மெல்ல. "நாளைக்கு என் சம்சாரம் தமயந்திக்கு இருதய ஆபரேஷன். அந்த நெனப்புலதான் அடுப்பை மறந்தேன். டாக்டரும் மச்சானும் எல்லாம் நல்லபடியா நடக்கும்னு சொல்லிச் சொல்லியே பயமுறுத்தறாங்க. நீங்க சொல்லுங்கம்மா. பொழைச்சுக்குவாளா?"

மெர்லின் கையிலிருந்த கணக்கெடுப்புக் கருவியை அணைத்தார்.

"தெரியாது சார். நாட்டைப் பத்திக் கேட்டா சொல்லிடுவேன். ஒரு ஆளைப் பத்தி எங்களுக்கு எதுவுமே தெரியாது."