வெறுங்கை

பம்புசெட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பக்கத்து மெஷினில் நின்ற சென்னியப்பன் இறந்துவிட்டான். ஆறுச்சாமி தான் விற்கும் சத்துமாவு டப்பாக்கள் நிறைந்த பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடுதான் போனான். ஆனாலும் பந்தலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் அவன் கையைத்தான் பார்த்தார்கள். அவன் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாயின. தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதுங்கள், அவர்களைப் பிடித்தாலே போதும், ஒரே வருஷத்தில் வேலையை விட்டுவிடலாம் என்று சத்துமாவுக்காரர்களின் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். போன மாதம் விட்டும்விட்டான். அந்தப் பட்டியலில் அவன் வேண்டுமென்றே எழுதாமல் விட்ட ஒரே பெயர் சென்னியப்பன். "மாசச் சம்பளத்த விட்டுப்போடாதடா" என்று சொன்னவனும் அவன் ஒருவன்தான். அதை நினைத்ததும் ஆறுச்சாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சென்னியப்பனின் தம்பி எழுந்து வந்து தோளைத் தொட்டு, காதருகே குனிந்தான்.

"காரியம் முடியட்டுங்ணா. ஒரு டப்பா வாங்கிக்கறேன்."

ஆறுச்சாமி வாய்விட்டு அழுதான். பந்தலே திரும்பிப் பார்த்தது.

"சரிங்ணா, அழுவாதீங்க. ரெண்டாவே வாங்கிக்கறேன்."