இரண்டாவது காசு

“விடையை மறுபடியும் கால்னு போட்டிருக்கே. உனக்குச் சொல்லிக் குடுக்கறதுக்குச் சுவத்துக்கிட்ட பேசலாம்” என்று தங்கை பென்சிலைக் கீழே போட்டாள்.

துணிக்கடையில் நாள் முழுக்க நின்று துணி மடிக்கிற அக்காவுக்கு, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைத்துவிட வேண்டும். அதற்கான போட்டித் தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை. தங்கை கல்லூரியில் கணக்கு படிக்கிறாள், அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. அக்கா அவளைக் கூப்பிடுவதே ‘கணக்குப்பிள்ளை’ என்றுதான்.

அம்மாவின் தையல் மிஷின் பலகைதான் இருவருக்கும் படிப்பு மேசை. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று தொடங்கி, கடைசியில் தம்ளர்கூடப் பிடிக்க முடியாமல் அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அவள் இல்லாத வீட்டில் இப்படிச் சண்டை போட்டுக்கொள்வதே இருவருக்கும் ஆறுதலாக இருந்தது.

அசமன்பாடு அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மைனஸால் வகுத்ததும் குறியைத் திருப்பிப் போட அவள் ஒருமுறைகூட மறந்ததில்லை. நிகழ்தகவிலும் பகடை, சீட்டுக்கட்டு, பைக்குள் இருக்கும் சிவப்புப் பந்து எல்லாம் தேறிவிட்டாள்.

ஒரே ஒரு கணக்கில்தான் முரண்டு. இரண்டு காசுகளைச் சுண்டுகிறார்கள். முதல் காசில் பூ விழுந்துவிட்டது. இரண்டாவதிலும் பூ விழ வாய்ப்பு எவ்வளவு? பாதி, பாதி என்று சொல்லித் தங்கைக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். விட்டுத் தொலைக்கலாம் என்றாலும் அக்கா விடுவதில்லை. அவளே தேடி எடுத்து அதையே மறுபடி கேட்டாள்.

“ஒண்ணுல பூ விழுந்தாச்சு. இன்னொண்ணுல தலை விழறதுதானே நியாயம்?” என்றாள் அக்கா.

“நியாயத்தைக் காசுகிட்ட போய்க் கேளு.”

பயிற்சிக்கான பதில் தாளில் அக்கா வட்டங்களைக் கருப்படித்திருந்த லட்சணம் வேறு தங்கைக்கு எரிச்சல். பாதிக் கோடுகள் வட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தன. மெஷின் திருத்துகிற தாள் இது, வெளியே போனால் மார்க் போய்விடும் என்று திட்டினாள். துணி மடித்து மடித்துக் கை சோர்ந்து கிடக்கிறது என்று அக்கா சொல்லித் தாளைத் திருப்பி வைத்துவிட்டாள்.

கண்ணால் பார்த்தால்தான் இவள் நம்புவாள் என்று தங்கை இரண்டு காசுகளை எடுத்தாள். ஒன்றைச் சுண்டினாள். பூ. அடுத்ததையும் சுண்டி, பலகையில் விழுந்ததும் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

“அந்தக் காசுல என்ன விழுந்துச்சுன்னு இந்தக் காசுக்குத் தெரியாதுக்கா. அதுல பூ விழுந்தா இதுல விழாதுன்னு யாரு எழுதி வெச்சா? இதுக்கு எப்பவும் பாதிக்குப் பாதிதான்.”

இந்த முறை அக்காவுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. தேர்வை நினைத்துப் பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று தங்கைக்கு மனசு இளகியது. ஒரு மார்க்தானே, போனால் போகட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே கையை எடுக்கப் போனாள்.

அக்கா எடுக்க விடவில்லை. தங்கையின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அந்த விரல்கள் நடுங்கின. அழுத்த அழுத்த நடுக்கம் கூடியதே தவிர, நிற்கவில்லை.

“அம்மாவோட வியாதி பிள்ளைங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு டாக்டர் சொன்னாரு” என்றாள் அக்கா, மூடியிருந்த கைகளைப் பார்த்தபடி.

தங்கை மறு கையால் பதில் தாளைத் திருப்பினாள்.

“எனக்கு வந்துட்டதால நீ தப்பிச்சிட்டேன்னு இவ்வளவு நாளா நிம்மதியா இருந்தேன்டி.”